கை நுழையாத இடத்துப் போல்டுக்கு என்.சி. வீதியில் வாங்கிய செட்

கொரோல்லா 110 இன் எஞ்சினுக்குப் பின்னால், இன்டேக் மெனிபோல்டுக்கும் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ஃபயர்வோலுக்கும் (எஞ்சினையும் ஆட்கள் இருக்கும் பகுதியையும் பிரிக்கும் தகடு) நடுவில் உள்ள இடைவெளியில் என் கை மணிக்கட்டு வரை போகும். அப்பாவின் கை விரல் முட்டியோடு நின்றுவிடும். மெனிபோல்டின் மேல் வரிசைப் போல்டுகள் கண்ணுக்குத் தெரியும், எந்தச் சாமானாலும் கழற்றலாம். கீழ் வரிசைதான் பாடு. மேலிருந்து பார்த்தால் மெனிபோல்டின் குழாய்களே மறைக்கும். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே, இருட்டில் இருக்கும். இந்தக் கீழ் வரிசைக்காகத்தான் பெப்ரவரி மாதம் திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு 3/8 டிரைவ் சொக்கட் செட் வாங்கினேன் (சொக்கட்டை மாட்டும் சதுர முனை 3/8 இஞ்சி). விலை 18,500 ரூபா. ஆறு மாதம் பாவித்துவிட்டேன். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது.

கார் அப்பாவுடையது, 1997 மொடல், 5ஏ எஞ்சின், 1498 சிசி. வாகன இறக்குமதியை 2020 இல் நிறுத்தியபோது இதை விற்றுவிடச் சொல்லி ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியது, ஆனால் புதுக் காரின் விலை எங்கள் வீட்டுக் கணக்குக்குள் வராது. ஆகவே இதை ஓட வைத்தே ஆக வேண்டும். எனக்கும் அதில் விருப்பம்தான். பத்து வயதில் அப்பாவுக்கு டோர்ச் பிடித்தது இந்தக் காரின் பொனட்டுக்கு அடியில்தான்.

வீடு உப்புவெளியில். கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்புப் பிசுபிசுக்கும். அந்த உப்பு பொனட்டுக்கு உள்ளேயும் போகிறது. இரும்புப் போல்ட் அலுமினியத்துக்குள் இறங்கி நிற்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போல்டைப் பிடித்துக்கொள்ளும். கடலுக்குத் தூரமான ஊர்களில் தலை மட்டும் துருப்பிடித்து நிற்கும் போல்ட், திருகோணமலையில் மரை வரை பிடித்திருக்கும். அதனால் இங்கே உள்ள எங்களுக்கு ஒரு சாமான் எவ்வளவு தூரம் எட்டும் என்பதோடு விஷயம் முடியாது. எட்டிய பிறகு போல்டின் தலையை நேராகப் பிடிக்கிறதா, நழுவாமல் பலத்தைக் கொடுக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்தச் செட்டைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

காரின் நோய் என்னவென்றால், ஐட்லில், அதாவது எக்ஸலேட்டரை மிதிக்காமல், நிற்கும்போது எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். சிக்னல் இல்லாத சந்தியில் பிரேக்கில் கால் வைத்து நின்றால் கார் முன்னுக்குத் தள்ளும். அப்பா ஒரு துண்டு ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தார், மற்ற முனையை மெனிபோல்டின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். நாலாவது சிலிண்டருக்குக் கீழே வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஹோஸைத் தந்தார். பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். மெனிபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கும் கஸ்கட் போயிருந்தது, காற்று அந்த வழியாக உள்ளே போகிறது. புதுக் கஸ்கட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அது வந்து இரண்டு கிழமை மேசையிலேயே கிடந்தது, கழற்ற வழி இல்லாமல்.

ஏன் கராஜுக்குக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நாலு வருடத்துக்கு முன் கொடுத்தோம், இதே மெனிபோல்டுக்கு. எந்தக் கராஜ் என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் கீழே உள்ள ஒரு போல்டின் தலையை, மூலைகள் தேயும்படி பாதி உருட்டிவிட்டு அப்படியே இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். மெனிபோல்டைத் தாங்கும் ஸ்டேயில் ஒரு போல்ட் போடவே இல்லை, வெறும் துளைதான் இருந்தது. அடியில் படுத்து போன் கமெராவை உள்ளே நீட்டிப் படம் எடுத்தபோதுதான் இரண்டும் தெரிந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் செய்யாமல் விடலாம் என்று ஒரு தொழிலாளி நினைப்பது எனக்கு விளங்குவதில்லை.

சரி, கடை. என்.சி. வீதியில் சாமான் கடைகள் பல இருக்கின்றன. நான் போனது சைக்கிள் உதிரிப்பாகமும் வலைக் கயிறும் போட் எஞ்சின் சாமானும் ஒன்றாக விற்கும் ஒரு சிறிய கடை. கடைக்கார நானா முதலில் 108 துண்டு உள்ள பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். விலை இதை விடக் கொஞ்சம்தான் கூட. நான் அப்பாவின் பழைய ஜப்பான் 12 மில்லிமீட்டர் சொக்கட்டை (போல்டின் தலையில் மாட்டும் குழல்) ஒரு துணியில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். அதை மேசையில் வைத்து, போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி நிறைய நேரம் பார்த்தார். பிறகு பெரிய பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, இதுல இருக்கிற அரைவாசிச் சாமான் உங்களுக்கு வேலைக்கு வராது. உங்களுக்கு வேண்டியது ஆடுற எக்ஸ்டென்ஷன்” என்றார்.

கூட விலைக்கு விற்கக்கூடிய பெட்டியை அவரே உள்ளே எடுத்து வைத்ததற்காகவே அந்தக் கடைக்குத் திரும்பப் போகலாம். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்து, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் அப்பாவின் சொக்கட்டைப் போட்டுப் பார்க்கவும் விட்டார். உடைந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். அந்தச் சொல்லை ஒரு தடவை சோதித்தும் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

செட்டில் இருப்பது இவ்வளவுதான்: தலை மடங்கும் ராட்செட் (முன்னும் பின்னும் ஆட்டியே ஒரு பக்கத்துக்குத் திருப்பும் கைப்பிடி) ஒன்று, 75, 150, 250 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன்கள் (ராட்செட்டுக்கும் சொக்கட்டுக்கும் நடுவில் போடும் நீட்டுத் தண்டு), ஒரு யுனிவர்சல் ஜொயின்ட் (எல்லாப் பக்கமும் மடங்கும் மூட்டு), 8 இலிருந்து 19 மில்லிமீட்டர் வரை சொக்கட்டுகள். எல்லாம் குரோம் வனேடியம், தாய்வான் தயாரிப்பு. ஜப்பான் காரில் 8 மில்லிமீட்டர் போல்டின் தலை 12, ஐரோப்பியக் காரில் அது பெரும்பாலும் 13. கொரோல்லாக்காரருக்கு 10, 12, 14, 17 நாலும் நல்லதாக இருந்தால் காரின் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம். 13 சொக்கட் ஆறு மாதமாகப் பெட்டியில் எண்ணெய் பூசியபடி புதிதாகவே இருக்கிறது.

3/8 ஏன் என்றால், அரை இஞ்சி டிரைவின் தலை அந்த இடைவெளிக்குள் போகாது. கால் இஞ்சி போகும், ஆனால் உப்புப் பிடித்த 12 போல்டுக்கு முன்னால் அது முறுகி உடைந்துவிடும் என்று எனக்குப் பயம். இடைப்பட்டதுதான் இந்த வேலைக்குச் சரி.

எக்ஸ்டென்ஷன்தான் இந்தச் செட்டின் உயிர். சாதாரண எக்ஸ்டென்ஷனின் முனை சதுரமாக, நேராக இருக்கும். சொக்கட்டும் அதுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதில் முனையின் கழுத்தை உருட்டிக் கடைந்திருக்கிறார்கள். சொக்கட்டைப் பாதி தள்ளினால் ஏறத்தாழ 15 பாகை சாய்ந்து ஆடும். முழுதாகத் தள்ளினால் ‘கிளிக்’ என்று உட்கார்ந்து நேராக நிற்கும். 15 பாகை என்பது கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் 250 உம் 150 உம் பொருத்தி 400 மில்லிமீட்டர் தூரத்தில் பிடிக்கும்போது, அந்தச் சாய்வு என் கையை ஏறக்குறைய நாலு இஞ்சி பக்கத்துக்கு நகர்த்தித் தருகிறது. ஒரு ஹோஸைச் சுற்றிப் போக அது தாராளம்.

வேலைக்கு முதல் நாள் பின்னேரம் எஞ்சின் ஆறிய பிறகு எல்லாப் போல்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். இரவு படுக்கப் போக முன் இன்னொரு தடவை, விடிய வெள்ளென இன்னொரு தடவை. பெட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன். காரின் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஜக் ஸ்டாண்டில் இறக்கி, கையால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனேன். வெறும் ஜக்கை நம்பி யாரும் அடியில் போக வேண்டாம், தயவுசெய்து. அப்பா வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு, என் காதுக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார். அவருக்கு இப்போது விரல்கள் முழுதாக மடங்காது. ஆனால் காது கூர்மை.

ஒரு போல்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை எல்லாம் அதே மாதிரிதான். கீழ் வரிசையில் நடுப் போல்ட். முதலில் சொக்கட்டை மட்டும் விரல் நுனியில் வைத்து உள்ளே கொண்டுபோய்ப் போல்டின் தலையில் உட்கார வைத்தேன். எக்ஸ்டென்ஷனோடு சேர்த்து நீட்டினால் தலையைத் தேடித் தேடி ஓரத்திலேயே முட்டும், இது நான் அரை மணித்தியாலம் வீணாக்கிக் கற்றது. சொக்கட் உட்கார்ந்ததும் அதைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்தபடி மற்றக் கையால் எக்ஸ்டென்ஷனை உள்ளே விட்டுப் பொருத்தினேன். பிறகு ராட்செட். திருப்பத் தொடங்கியதும் கைக்கு ஏதோ இளகுவது போல இருந்தது. போல்ட் வருகிறது என்று நினைத்தேன். வரவில்லை. 400 மில்லிமீட்டர் இரும்பு, ஈரத்துணி பிழிவது போல முறுகியிருக்கிறது, அவ்வளவுதான். கையை விட்டதும் திரும்பி வந்துவிட்டது.

“சொக்கட்டில ஒரு கோடு போடு” என்றார் அப்பா.

எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவப் பேனாவால் சொக்கட்டின் பக்கத்தில் ஒரு கோடு, அதே நேரில் ராட்செட் பக்கம் எக்ஸ்டென்ஷனில் ஒரு கோடு. திரும்பத் திருப்பினேன். என் பக்கத்துக் கோடு நகர்ந்தது, போன் வெளிச்சத்தில் உள்ளே இருந்த கோடு அசையவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ‘டக்’ என்று ஒரு சத்தம், கழுத்து எலும்பு வரை அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த கோடும் நகர்ந்திருந்தது.

“உடைஞ்சதா, விட்டதா?” என்று மரத்தடியில் இருந்து கேட்டார். விட்டது என்றேன். சத்தம் போட்டு விட்டால் நல்லது, சத்தமே இல்லாமல் மெதுமெதுவென்று சுற்றினால்தான் போல்ட் அறுகிறது, உடனே நிறுத்து என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்த பாடம். விட்ட பிறகும் ஒரேயடியாகக் கழற்றவில்லை. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய் ஒரு சொட்டு, திரும்பக் கால் சுற்று. மரையில் உள்ள துருத்தூள் அப்படித்தான் வெளியே வரும். முழுதாக வெளியே வந்த போல்டின் மரைக்குள் வெள்ளை மாவு போல அலுமினியத் துரு ஒட்டியிருந்தது.

ராட்செட்டைப் பற்றி இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். 72 பல். அதாவது 5 பாகை திருப்பினாலே அடுத்த பல்லைப் பிடிக்கும். அப்பாவின் பழையது 24 பல், அதற்கு 15 பாகை வேண்டும். அந்த இடத்தில் என் கைக்குக் கிடைத்தது மூன்று விரல் அகல அசைவுதான். பழையதை வைத்திருந்தால் ஒரு பல் கூட மாறியிருக்காது. தலை மடங்குவதும் உதவியது, கைப்பிடியை ஸ்டீயரிங் ரெக்குக்கு மேலால் கொண்டுபோக முடிந்தது. ஒரு குறை: தலையை மடக்கும் மூட்டில் உள்ள சிறிய திருகாணி மூன்று மாதத்தில் தளர்ந்துவிட்டது. அலன் கீயால் இறுக்கிக்கொள்கிறேன், திரும்பத் தளர்கிறது.

உருட்டப்பட்ட போல்டில்தான் நான் பயந்தது. அதற்கு இந்தச் செட்டின் சொக்கட்டுகள் ஆறு மூலையாக இருப்பது பெரிய உதவி. பன்னிரண்டு மூலைச் சொக்கட் போல்டின் மூலைகளுக்குக் கிட்டவாகவே பிடிக்கும், மூலை தேய்ந்திருந்தால் வழுக்கும். ஆறு மூலை, தலையின் தட்டையான பக்கத்தில் நன்றாக உள்ளே தள்ளிப் பிடிக்கும். 12 ஐ அதன் மேல் வைத்து, 250 எக்ஸ்டென்ஷனை நேராக நிற்கும்படி முழுதாகத் தள்ளி, அதன் பின்முனையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. சொக்கட் இறுகி உட்கார்ந்தது. அப்படி ஏறிய சொக்கட்டோடு போல்ட் முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. நான் வாயைத் திறந்து கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

இனி எனக்குப் பிடிக்காதவை. யுனிவர்சல் ஜொயின்ட் இந்தச் செட்டின் மிகப் பலவீனமான துண்டு. பொருத்தியதும் செத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கும். உள்ளே நீட்டுவதற்குள் சொக்கட் கீழே பார்க்கும். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி மூட்டின் மேல் மாட்டினால் விறைப்பாக நிற்கும், வளையவும் செய்யும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குப் பிறகும், ஸ்டேயின் 14 போல்டுக்குச் சாய்வாகப் பலம் கொடுத்தபோது மூட்டின் ஊசி பாதி வெளியே வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் நானாவிடம் காட்டினேன். பெட்டியைக் கொண்டுவரவில்லை, பில்லும் கையில் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. வேறொன்றை எடுத்துத் தந்து, “இது இறுக்கிறதுக்கும் கழட்டிறதுக்கும் சரி, முறிக்கிறதுக்குப் பாவிக்காதீங்க” என்றார். சரியான வார்த்தை. பிடித்திருக்கும் போல்டை முதலில் விடுவிக்க ஆடும் எக்ஸ்டென்ஷன், விட்ட பிறகு சுற்றி எடுக்க யுனிவர்சல் ஜொயின்ட். இப்போது அப்படித்தான் செய்கிறேன், இரண்டாவது ஜொயின்ட் இன்னும் நன்றாக இருக்கிறது.

150 எக்ஸ்டென்ஷனின் முனையில் சொக்கட்டைப் பிடிக்கும் சிறிய குண்டு பலம் போதாது. 14 சொக்கட் இரண்டு தடவை கழன்று விழுந்தது. ஒரு தடவை நேரே மண்ணில். மற்றத் தடவை எஞ்சினுக்கு அடியில் உள்ள மூடிக்குள் விழுந்து எங்கேயோ உருண்டு போனது, காந்தக் குச்சியை விட்டுத் துழாவி எடுக்க இருபது நிமிடம். செட்டில் காந்தக் குச்சி இல்லை. தனியாக வாங்குங்கள், ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். புதுப் போல்டை உள்ளே கொண்டுபோய் மாட்டும்போது சொக்கட்டுக்குள் ஒரு சிறிய துண்டுக் கடதாசியை வைத்து அதன் மேல் போல்டின் தலையை அழுத்தினால் விழாது.

சொக்கட்டின் சுவர் தடிப்பு. இது கடையில் பார்க்கும்போது தெரியவில்லை. கீழ் வரிசையின் கடைசிப் போல்ட் மெனிபோல்டின் குழாய் வளைவுக்கு ஒட்டியபடி இருக்கிறது. புது 12 அதற்குள் இறங்கவே இல்லை, ஒரு நகத் தடிப்புக்கு இடம் போதவில்லை. அப்பாவின் ஜப்பான் சொக்கட் சுவர் மெல்லியது, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. செட்டை வாங்குபவர்கள் 12 ஒன்றையாவது மெல்லிய சுவரில் தனியாகத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கி முதல் மாதத்திலேயே உடைந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

பூட்டும்போது ஒருவர் கேட்டார், இவ்வளவு நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் டோர்க் ரென்ச் (போல்டை எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் சாமான்) காட்டும் அளவு மாறாதா என்று. நேராகப் போகும் எக்ஸ்டென்ஷனால் மாறாது, முறுகுவது முறுகி முடிந்த பிறகு அதே பலம்தான் போல்டுக்குப் போகிறது. கைப்பிடியின் நீளத்தைக் கூட்டினால்தான் மாறும். சாய்வு கூடும்போது கொஞ்சம் பிசகும், அதனால் கடைசி இறுக்கத்துக்குச் சொக்கட்டை முழுதாகத் தள்ளி நேராக்கிக்கொண்டேன். நடுவில் இருந்து இரண்டு பக்கமும், மூன்று தவணையாக. போடாமல் விட்டிருந்த அந்த ஸ்டே போல்டையும் வாங்கிப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் தொடங்கிய வேலை ஞாயிறு பின்னேரம் முடிந்தது. கார் முதல் சாவியிலேயே எடுத்தது, ஐட்ல் ஒரே சீராக நின்றது. அப்பாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு நிலாவெளி வரை போய் வந்தோம். ஹோஸைத் திரும்பக் காதில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் கேட்டார்.

இந்த ஆறு மாதத்தில் இதே செட்டால் பக்கத்து வீட்டு அல்டோவின் ஓல்டர்னேட்டரைக் கழற்றினோம், மாமாவின் வானில் சைலன்சர் நட்டுகளை எடுத்தோம். எக்ஸ்டென்ஷன் மூன்றிலும் ஒரு முறுக்குக்கூட நிலைத்து நிற்கவில்லை, சதுர முனைகள் கூர் மழுங்கவில்லை. 18,500 ரூபாவில் என்னைக் கேட்டால் 12,000 அந்த மூன்று எக்ஸ்டென்ஷனுக்கும் ராட்செட்டுக்கும். ஏற்கனவே நல்ல சொக்கட் வைத்திருப்பவர்கள் எக்ஸ்டென்ஷனை மட்டும் தனியாகத் தரச் சொல்லி நானாவிடம் கேட்டுப் பாருங்கள், தருவார் என்றுதான் நினைக்கிறேன். காருக்கே முதல் தடவை கை வைப்பவர்கள் முழுச் செட்டையும் எடுக்கலாம்.

மெல்லிய சுவர் 12 ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கொழும்பில் இருந்து வர வேண்டும். அது வரும் வரைக்கும் பெட்டியில் 12 இன் குழியில் அப்பாவின் பழைய சொக்கட் இருக்கிறது. புதியது லாச்சிக்குள் கிடக்கிறது.